பத்துப் புள்ளி மகான்

காக்ஸ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று மாதா கோயில். அங்கே பாவங்கள் மன்னிக்கப்படும். இன்னொன்று, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. அங்கே பாவங்கள் வரைபடமாக்கப்பட்டு, கலரில் அச்சடிக்கப்பட்டு, லேமினேஷன் செய்து தரப்படும். மன்னிப்பைவிட லேமினேஷன் நீடித்து உழைக்கும் என்பதாலோ என்னவோ, மாடியில்தான் கூட்டம் அதிகம்.

மாடியின் மகான் பெயர் ஸ்ரீஹர்ஷா. பட்டம் 'டேட்டா மகரிஷி'. அந்தப் பட்டத்தைத் தந்தவரும் அவரே. சாம்பல் நிற டீ-ஷர்ட், கழுத்தில் ஒரு ருத்ராட்சம், அதோடு ஒரு ஐ.டி. கார்டு. எந்தக் கம்பெனி கார்டு என்று யாரும் படித்ததில்லை. எப்போதும் திரும்பியே தொங்கும்.

முறை சுலபம். உங்கள் வாழ்க்கையில் நடந்த முக்கியமான பத்துச் சம்பவங்களைத் தேதியோடு சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போட வேண்டும். கல்யாணத்துக்கு எண்பது, வேலை போனதற்குப் பன்னிரண்டு, மாமியார் ஊருக்குப் போனதற்குத் தொண்ணூற்றைந்து என்று மனதில் தோன்றியபடி போடலாம். ஸ்ரீஹர்ஷா அதையெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டுவார். சுவர் அகல டி.வி.யில் பத்துக் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அவர் கண்ணை மூடி ஒரு பொத்தானை அழுத்துவார். ஒரு நீலக் கோடு புறப்பட்டு, பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து, பத்துப் புள்ளிகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு போகும்.

"பொருத்தம்?" என்று மகரிஷி கேட்பார்.

"நூத்துக்கு நூறு!" என்று மண்டபம் அலறும்.

கடைசிப் புள்ளியைத் தாண்டியதும் கோடு சிவப்பாகும். சிவப்பு என்றால் எதிர்காலம். எதிர்காலம் பெரும்பாலும் பாதாளத்தை நோக்கிப் பாயும். பாயாவிட்டால் பரிகாரப் பேக்கேஜை யார் வாங்குவார்கள்?

உள்ளே வேலை செய்வது ஒன்பது சக்திகள் என்பார் மகரிஷி. நெற்றியில் திருநீறு உள்ளவர் கேட்டால் ஒன்பதும் கிரகங்கள். கையில் லேப்டாப் பை உள்ளவர் கேட்டால் ஒன்பதும் வேரியபிள்கள். ஆளுக்கேற்ற அளவில் சட்டை. சுவரில் ஒரே ஒரு விதி எழுதியிருந்தது: 'பத்துச் சம்பவங்கள் மட்டும். பதினொன்றாவதைச் சொல்பவருக்குப் பலன் சித்திக்காது.' ஏன் பத்து என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. செருப்பை எங்கே விடுவது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

இந்த மண்டபத்துக்குள் உத்தமன் வந்ததுதான் ஆச்சரியம்.

உத்தமன் ஸ்ரீராம்புரத்துக்காரர். தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டை. ஐயர் இல்லாமல், ராகுகாலத்தில், வேண்டுமென்றே ராகுகாலத்தில், கல்யாணம் செய்துகொண்டவர். மகள் சிந்துவுக்கு யாரோ எழுதிக் கொடுத்த ஜாதகத்தை அடுப்பில் போட்டு, அதில் டீ வைத்துக் குடித்தவர். சூரிய கிரகணத்தன்று தெருவே கதவைச் சாத்தியிருக்க, நடுத்தெருவில் நாற்காலி போட்டு போண்டா தின்பவர். "சோதிச்சுப் பாரு, அப்பறம் நம்பு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவர்.

அப்பேர்ப்பட்டவர் மகரிஷியின் முகத்திரையைக் கிழிக்கப் போனார். பத்துப் புள்ளியையும் கோடு தொட்டதைப் பார்த்தார். சீடராகத் திரும்பி வந்தார்.

அது மட்டுமென்றால் சிந்து சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் உத்தமனின் பித்தப்பையில் கல் இருந்தது. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும். பை வீங்கியிருக்கிறது, தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே வம்பாகும் என்று டாக்டர் சொல்லி, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்திருந்தார். மகரிஷியின் சிவப்புக் கோடோ, அதே வியாழக்கிழமை சைபரையும் தாண்டிக் கீழே, மைனஸ் நூற்று நாற்பதில் குப்புற விழுந்தது.

"மூணு மாசம் கத்தி படக் கூடாது சார். டேட்டா சொல்லுது, நான் சொல்லல" என்றார் மகரிஷி.

உத்தமன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியை ரத்து செய்துவிட்டார்.

சிந்து அதைக் கேள்விப்பட்டது சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். அம்மா எல்லம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், அழாமல், ரசத்தை மட்டும் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டு.

"நைனா, உனுக்கு இன்னா பைத்தியமா? நீயா ஜோசியம் பாத்துட்டு வந்த?"

"யாரு ஜோசியம் பாத்தா?" உத்தமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜோசியம் பேசறவன் என் வாசப்படி ஏற மாட்டான். இது சயின்ஸ். கம்ப்யூட்டர்ல போடறாரு. கிராப் வருது. உங்க ஆபீஸ்ல வருதே, அதே மாதிரி." ஒன்பது சக்தியையும் சுவர் விதியையும் பெருமையோடு விவரித்தார்.

சிந்து வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். யாருக்கு எப்போது விபத்து நடக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் பிரிவு. மகரிஷி வைத்திருக்கும் அதே புள்ளியியல் மென்பொருள்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் கோடு போடுகிறாள். ஆனால் கோடு போட்டதும் யாரும் கை தட்டுவதில்லை. "மிச்சத்தைக் காட்டு" என்பார் அவளுடைய மேலாளர். மிச்சம் என்றால் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் விட்டுப்போன தூரம். அதை நாலு படமாகப் போட்டு, எங்கே கோடு சறுக்குகிறது, எந்தப் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று தேடுவார்கள். அங்கே கோடு குற்றவாளிக் கூண்டில் நிற்கும். இங்கே அது கர்ப்பக்கிரகத்தில் நிற்கிறது.

"ஒரு தாள் எடு நைனா. ரெண்டு புள்ளி வை. எங்க வேணாலும் வை."

வைத்தார்.

"ஸ்கேல வச்சு கோடு போடு. ரெண்டையும் தொடுதா?"

"தொடாம?"

"அப்ப ஸ்கேலுக்கு ஞானதிருஷ்டி இருக்குன்னு சொல்லுவியா? அவன் மிஷின்ல பத்து ஸ்க்ரூ இருக்கு. அந்த ஒம்போது சக்தி, அப்பறம் கோடு எங்க ஆரம்பிக்கணும்னு ஒண்ணு. பத்து புள்ளிக்குப் பத்து ஸ்க்ரூ. திருகித் திருகி எந்தப் பத்தையும் தொட வைக்கலாம். அதான் பதினொண்ணு கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கான்."

"நீ படிச்சது வேற, அவரு படிச்சது வேற" என்றார் உத்தமன். மகளை நம்புவதற்கும் ஒரு லேமினேஷன் தேவைப்பட்டது.

சிந்து தட்டைத் தள்ளினாள். "ஊருக்கெல்லாம் சோதிச்சுப் பாருன்னு மைக் புடிச்சு கத்துன ஆளுதான நீ? இத சோதிச்சியா?"

உத்தமன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மேல் வீசிய கல், திரும்பி வந்து சொந்தத் தட்டில் விழுந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"எப்படி சோதிக்கணும்ன்ற?"

"மனுசனே இல்லாத ஒரு வாழ்க்கைய அவருகிட்ட குடுப்போம். அதுக்கும் நூத்துக்கு நூறு வந்துச்சுன்னா ஆபரேஷன். வரலன்னா நானே மண்டபத்துல வந்து செருப்பு அடுக்கறேன்."

சாயங்காலம் டெரிக் வீட்டுக்குப் போனார்கள். டெரிக் உத்தமனோடு லேத் ஓட்டியவர். காக்ஸ் டவுனில் வீடு. சர்ச் ஹாலில் ஹவுசி ஆட்டம் நடந்தால் பைக்குள் கைவிட்டு எண்களை எடுத்துக் கூவுவது அவர்தான். தொண்ணூறு மரக்காசுகள் போட்ட அந்த வெல்வெட் பையை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார்.

"இன்னா மேன், கறுப்புச் சட்ட போட்டுக்குனு கிராப் சாமியாரா? எங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு, காம்பெடிஷன் கொறைஞ்சிடுச்சுன்னு."

"வாய மூடிட்டு பைய நீட்டு."

உத்தமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைவிட்டார். அவர் எடுத்த காசில் இருந்த எண் மார்க். டெரிக் வாய்க்கு வந்தபடி சொன்னது தேதி. பத்துக் காசு, பத்துத் தேதி. எழுபத்து மூன்று, நான்கு, ஐம்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று ஒரு வாழ்க்கை பிறந்தது. அதற்கு ஜேக்கப் என்று டெரிக் பெயர் வைத்தார். ஞானஸ்நானம் மட்டும்தான் பாக்கி.

ஞாயிறு காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. கூட வந்த எல்லம்மாவுக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. முன்வரிசையில் ராஜலக்ஷ்மி உட்கார்ந்திருந்தார். பெண்ணின் கல்யாணத்துக்காக ஏழெட்டு வரைபடம் எடுத்துவிட்டவர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வந்தும், ஒவ்வொன்றையும் பூஜை அறையில் மாட்டியவர். சிந்துவைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

"மொத தடவையாம்மா? பயப்படாத. உள்ளங்கைல வச்சு காட்டற மாதிரி சொல்லுவாரு. எங்க வீட்டுக்காரரு போனது, வீடு கட்டுனது, எல்லாம் கோட்டுல அப்படியே இருந்துச்சு."

"நீங்க சொன்னதுதான ஆன்ட்டி கோட்டுல இருந்துச்சு?"

"ஆமாம்மா! எப்படிக் கண்டுபிடிச்சாரு பாரேன்!"

புள்ளியியலில் இதற்குச் சூத்திரம் கிடையாது.

டி.வி.யின் இடது கீழ் மூலையில் ஒரு சாமி படம் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி மல்லிகைச் சரம், பந்தலாகக் கட்டியிருந்தது. திரையின் கால்வாசி அதற்குள் போயிருந்தது. பக்தர்கள் அந்தப் பக்கம் பார்த்ததும் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். உத்தமன் கொள்கைக்காரர், சாமி படம் இருக்கும் பக்கமே திரும்ப மாட்டார். ஆக, நம்புகிறவன் கண்ணை மூடினான், நம்பாதவன் முகத்தைத் திருப்பினான். அந்த மூலையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சிந்து பார்த்தாள். தினமும் பார்க்கும் திரை அது. அந்த மூலையில்தான் மென்பொருள் பேசும்.

டெரிக் எழுந்து, நண்பர் ஜேக்கப்புக்காக வந்திருப்பதாகச் சொல்லிப் பத்துச் சம்பவங்களை ஒப்பித்தார்.

"அவரு ஏன் வரல?" என்றார் மகரிஷி.

"வெளிய வர மாட்டாரு சார். இருட்டுலயே இருப்பாரு."

"பர்வாகில்லா, பரவால்ல. டேட்டா வந்தா போதும்." மகரிஷி தட்டினார். பத்துப் புள்ளி தோன்றியது. கண்ணை மூடினார். நீலக்கோடு துள்ளிக் குதித்துப் பத்தையும் தொட்டது.

"பொருத்தம்?"

"நூத்துக்கு நூறு!"

உத்தமன் மட்டும் கத்தவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகரிஷி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கோட்டை ஆராய்ந்தார். "ஜேக்கப் ரொம்ப சென்சிடிவ் மனுஷன். சின்ன வயசுல அப்பா கூட மனஸ்தாபம். மனசு ஒரு இடத்துல நிக்காது."

"கரெக்ட் சார். குலுக்கிக்கிட்டே இருக்கணும்" என்றார் டெரிக்.

"நோடி, பாருங்க இந்த சிவப்பு! இன்னைக்கு தேதிக்கு மைனஸ் இருநூத்தி பன்னெண்டு. பெரிய கண்டம். ஒடனே பரிகாரம் பண்ணலன்னா..."

டெரிக் தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து வெல்வெட் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இவருதான் சார் ஜேக்கப். நீங்களே சொல்லிடுங்க."

கூட்டம் புரியாமல் பார்த்தது. சிந்து எழுந்து நின்று, நேற்று நடந்ததைச் சொன்னாள். மார்க்கெல்லாம் பைக்குள் இருந்து வந்தது, தேதியெல்லாம் டெரிக் வாயிலிருந்து வந்தது, காசை எடுத்த கை இவருடையது என்று அப்பாவைக் காட்டினாள்.

மகரிஷி ஒரே ஒரு கணம் தடுமாறினார். பிறகு சிரித்தார். தொழில்காரச் சிரிப்பு.

"இந்தப் பைக்கும் விதி உண்டம்மா. நீங்க அந்த நம்பர எடுத்தது தற்செயல்னு நினைக்கிறீங்க. அந்த ஒன்பது சக்திதான் உங்க அப்பா கைய பிடிச்சு எடுக்க வெச்சுது!"

மண்டபம் ஒரு விநாடி யோசித்தது. யோசித்து, கை தட்டியது. ராஜலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெறும் பைக்கே பாத்து சொல்லிட்டாரே!"

சிந்து இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். "சரி சார். பைக்கு விதி இருக்கு. இன்னைக்கு அதோட விதி மைனஸ் இருநூத்தி பன்னெண்டுன்னு உங்க கோடு சொல்லுது. பதினொண்ணாவது காச நீங்களே எடுங்க."

"பதினொண்ணு நம்ம முறைல இல்ல."

"எடுங்க சார்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். "எடுங்க, என்னாவாம்!" என்று இன்னொன்று. கை தட்டிய கூட்டமேதான். வேடிக்கை என்றால் அதற்குக் கட்சி கிடையாது.

மகரிஷி கைவிட்டார். துழாவினார். ரொம்ப நேரம் துழாவினார், மைனஸ் எங்காவது அடியில் கிடக்கிறதா என்பது போல. எடுத்த காசை டெரிக் வாங்கிப் பார்த்து, ஹாலில் கூவுகிற அதே ராகத்தில் கூவினார்: "ஃபோர் அண்ட் ஒன், ஃபார்ட்டி ஒன்! நாப்பத்தொண்ணு!" பிறகு பணிவாகச் சேர்த்துக்கொண்டார். "நானும் வருசக்கணக்கா இந்தப் பைய குலுக்கறேன் சார். மைனஸ் நம்பர் இதுக்குள்ள இருந்ததே இல்ல."

முதலில் பின்வரிசை சிரித்தது. பிறகு நடுவரிசை. முன்வரிசை பூஜை அறையை நினைத்து யோசித்துக்கொண்டிருந்தது.

"வாழ்க்கைய பத்துப் பத்தா வாங்கி, நீங்க சொன்னதையே கோடா போட்டுக் காட்டுறாரு. தெரிஞ்சதத் தொடும். தெரியாதத தொடவே தொடாது" என்றாள் சிந்து. "நான் சொல்ல வேணாம். அவரு கம்ப்யூட்டரே சொல்லும். அந்தப் பூவ எடுத்தாப் போதும்."

"சாமிய தொடாதீங்க!" மகரிஷி குறுக்கே வந்தார். இப்போதுதான் முதல்முறையாக அவர் குரலில் உண்மை இருந்தது.

கூட்டம் தயங்கியது. சாமி படத்தில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

உத்தமன் எழுந்தார். எழுந்த வேகத்தில் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. எல்லம்மா பின்னாலிருந்து ஓடி வந்தாள். "யோவ், உக்காருய்யா, வலிக்குதாய்யா?" அவர் உட்காரவில்லை. குனிந்தபடியே மேடைக்குப் போனார். சாமி படத்தைப் பிய்த்தார். கிழிக்கவில்லை. எடுத்து, பத்திரமாக ராஜலக்ஷ்மி கையில் கொடுத்தார். மல்லிகைச் சரத்தைச் சுருட்டி மகரிஷியின் கையில் வைத்தார்.

பூவுக்குப் பின்னால் நாலைந்து வரி ஆங்கிலம் இருந்தது. ஒரு வரியின் கடைசியில், மென்பொருளை எழுதியவர்களே போட்ட ஆச்சரியக்குறி.

"படி மேன், கண்ணாடி கொண்டு வரல" என்றார் உத்தமன்.

டெரிக் ஆங்கிலத்தில் படித்தார். சிந்து எல்லோருக்கும் சொன்னாள்: "பத்து மிச்சமும் சைபர்னு போட்டிருக்கு. அதாவது, கோடு சரியா தப்பான்னு பாக்கறதுக்கு என்கிட்ட நீ ஒண்ணுமே விட்டுவைக்கலன்னு கம்ப்யூட்டர் கத்துது. அதுக்குக் கீழ, பிழை எவ்வளவுன்னு காட்ட வேண்டிய எடத்துல நம்பரே வரல."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த நாலு சோதனைப் படங்களையும் போடச் சொல்லி ஒரு வரி தட்டினாள். ஒழுங்கான கணக்கில் அந்தப் படங்கள் கடுகு சிதறின மாதிரி இருக்கும். சிதறலைப் பார்த்துத்தான் கணக்கின் யோக்கியதையைச் சொல்வார்கள். இங்கே கட்டங்கள் மொட்டையாக வந்தன. பத்துப் புள்ளியும் கோட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டுவிட்டதால் காட்ட ஒன்றுமில்லை என்று மென்பொருள் கைவிரித்தது.

"ஒவ்வொரு தடவையும் இது கத்தியிருக்கு" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பூ போட்டு மூடியிருக்காரு."

மகரிஷி ஏதோ சொன்னார். பீட்டா வெர்ஷன் என்றார். சர்வர் பிரச்சனை என்றார். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றார். சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மூடினார். லேமினேஷன் மிஷினைத் தூக்கப் போனவரைப் பின்வரிசை வழிமறித்தது. "வாங்கனதெல்லாம் எண்ணி வச்சிட்டுப் போ சாமி!" மறித்ததில் யாரோ ஐ.டி. கார்டைத் திருப்பிப் பார்த்தார்கள். கார்டில் ஒன்றுமே அச்சடித்திருக்கவில்லை. வெறும் வெள்ளை.

படியிறங்கும்போது ராஜலக்ஷ்மி சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் புது ஒளி. "உனக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கேம்மா! எங்க பொண்ணுக்கு எப்ப முடியும்னு நீயே ஒரு கோடு போட்டு சொல்லிடேன்."

சிந்து அவரைப் பார்த்தாள். மகானை விரட்டலாம். காலியான நாற்காலியை என்ன செய்வது?

"பொண்ணுகிட்ட கேட்டீங்களா ஆன்ட்டி, கல்யாணம் வேணுமான்னு?"

"அவகிட்ட எதுக்கும்மா கேக்கணும்?" என்றார் ராஜலக்ஷ்மி, உண்மையான வியப்போடு.

ரத்து செய்த தேதி போனது போனதுதான். ஆனால் அன்று மாலையே வலி அதிகமாகி, உத்தமனை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார் சர்ஜன். கொஞ்சம் பொறுத்திருந்தாலும் பை வெடித்திருக்கும் என்று எல்லம்மாவிடம் தனியாகச் சொன்னார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, தைரியமூட்டுகிற குரலில், "நூத்துக்கு தொண்ணூத்தெட்டு பேருக்கு ஒரு சிக்கலும் வராது சார். கையெழுத்துப் போடுங்க" என்றார்.

உத்தமன் பேனாவை வாங்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"எத்தன பேர வச்சு சொல்றீங்க டாக்டர்? அந்த மீதி ரெண்டு பேருக்கு இன்னா ஆச்சு?"

எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிந்துவுக்குச் சிரிப்பு வந்தது. சர்ஜனுக்குக் கோபம் வரவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், யாருக்கெல்லாம் தப்பாகப் போனது, ஏன் போனது, உத்தமனுக்கு எது ஆபத்து என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு உத்தமன் கையெழுத்துப் போட்டார்.

கேள்வி கேட்டால் கோபப்படாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறானே, அவனிடம் உடம்பைக் கொடுக்கலாம். கேட்டதும் பூவைப் போட்டு மூடுகிறானே, அவனிடம் செருப்பைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள்.